அண்டை வெட்டின கணக்கு

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதல. நவரை அறுப்பு, அப்புறம் வைக்கோல் கட்டு, நடுவுல ஒரு நாள் மழை வேற. நெல்லு ஏடிடி 37 தான். விளைச்சல் பரவாயில்லை, அதைப் பத்தி அடுத்த தடவை எழுதறேன். இந்தத் தடவை எழுதப்போறது எங்க கழனியோட கிழக்கு வரப்பைப் பத்தி. எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். வீட்டுல கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சாச்சு, இனிமே எழுதினா இன்னா, எழுதாட்டி இன்னா"ன்னுட்டாங்க.

கழனி வேலை தெரியாதவங்களும் படிக்கிறதால ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். நடவுக்கு முன்னாடி அண்டை வெட்டணும். வரப்போட பக்கவாட்டுல புல்லு மண்டிக் கிடக்கும், நண்டு வளை, எலி வளை இருக்கும். மண்வெட்டியால அந்தப் பக்கவாட்டை ஒரு சீவு சீவி மண்ணைக் கழனிக்குள்ள தள்ளிட்டு, சேத்தை அள்ளி வரப்புல அப்பி மெழுகுவோம். தண்ணி கசியாது. வரப்புக்கு இந்தப் பக்கம் நான் சீவுவேன், அந்தப் பக்கம் அடுத்த கழனிக்காரர் சீவுவார். ரெண்டு பேரும் சீவினா வரப்பு நடுவுல நிக்கும். ஒருத்தன் மட்டும் சீவினா வரப்பு மெலியும். மெலிஞ்ச வரப்பு உடையுமேன்னு அவன் சேத்தை அள்ளி அந்தப் பக்கமாவே அப்புவான். பார்க்க வரப்பு பழைய தடிமனா இருக்கும். ஆனா அது நகர்ந்திருக்கும்.

கிழக்கால கழனி ஒரு ஆயாவுது. ஊர்த்தெரு ஆயா. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுது. பையன் மெட்ராஸ்ல வேலை. அவர் செத்ததுல இருந்து கழனி கரம்பாத்தான் கிடக்கு, ஆயா அதுல ஆடு மேய்க்கும். அந்தப் பக்கம் அண்டை சீவ ஆள் இல்லை. நான் வருஷத்துக்கு ரெண்டு போகம் வைக்கிறவன். ஒரு போகத்துக்கு ஒரு விரக்கடை. பன்னிரண்டு வருஷத்துக்கு இருபத்துநாலு விரக்கடை, கிட்டத்தட்ட ஒன்றரை அடி. வரப்பு நீளம் 200 அடி.

நான் யாருன்னா, எங்க ஊர் கோயில்ல செயலர். ஞாயித்துக்கிழமை பாடம் வாசிக்கிறவன். அடுத்தவன் எல்லைக்கல்லை ஒதுக்காதேன்னு மோசே சொன்ன இடம் உபாகமத்துல ரெண்டு தடவை வருது. ரெண்டையும் நானே நின்னு வாசிச்சிருக்கேன். வாசிச்சப்ப எனக்கு ஒண்ணும் உறைக்கல. எல்லைக்கல்லுன்னா கல்லு, நான் தொட்டது சேறு, அவ்வளவுதான் நினைப்பு.

இது எங்க வீட்டு நிலத்தோட கதையும்தான், அதனால கொஞ்சம் பின்னால போகணும்.

எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல. இன்னிக்கு ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட்டும், இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பை அழிச்சு பிளாட் கல்லும் கலர் கொடியுமா இருக்கு. எங்க கொள்ளுத் தாத்தா காலத்துல இந்த ஜில்லா முழுக்க மிராசுதார் கையில. எங்க ஜனம் படியாள். கழனி இல்லாதது மட்டும் இல்ல, குடிசை போட்ட நத்தமும் எங்களுது இல்ல. மிராசுதாருக்குப் பிடிக்கலன்னா குடிசையைப் பிரிச்சுக்கினு கிளம்ப வேண்டியதுதான். தாது வருஷப் பஞ்சத்துல (1876ல இருந்து 78 வரைக்கும்) செத்தது போக மிஞ்சினவங்க பிள்ளைங்கதான் நாங்க.

அப்புறம் 1891ல செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்புல இருந்த ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாப் பறையர் நிலைமையைப் பத்தி ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பினார். 1892 செப்டம்பர் 30ந்தேதி அரசாணை வந்தது. இன்னிக்குப் பஞ்சமி நிலம்னு சொல்றோமே, அதுக்கு வேர் அங்கதான் இருக்கு. அதே காலத்துல செங்கல்பட்டுல ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷன் பாதிரி ஆடம் ஆண்ட்ரூ, எங்க ஜனத்துக்கு நிலம் வேணும்னு விடாம எழுதிக்கினும் மனு போட வச்சிக்கினும் இருந்தார். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் இருக்கிற மெல்ரோசாபுரம் அவர் உண்டாக்கின குடியேற்றம். எங்க கொள்ளுத் தாத்தா அந்த ஊர்க்காரர் இல்ல, ஆனா அந்த மிஷன் உபதேசியார் எழுதிக் கொடுத்த தர்காஸ்து மனுவுல கிடைச்சதுதான் எங்க ஒரு ஏக்கர் சொச்சம். அதே வருஷத்துல அவர் ஞானஸ்நானமும் எடுத்தார். ரெண்டும் ஒரே வருஷம்.

இந்த "ஒரே வருஷம்" எங்க வீட்டுல பெரிய விஷயம். சின்ன வயசுல ஊர்த்தெருப் பசங்க "நிலத்துக்கு வேதத்துல சேர்ந்தவனுங்க"ன்னு சொல்வானுங்க. மிராசுதாருங்களும் அன்னிக்கு இதைத்தான் சொன்னாங்க, சர்க்கார்லயும் அப்படி நினைச்சவங்க இருந்தாங்க. மிஷனரிகளுக்குள்ளயே அது பெரிய கவலை. இவன் கிறிஸ்துவுக்காக வர்றானா, கஞ்சிக்காக வர்றானா? அதுக்காக மாசக்கணக்குல ஆயத்த வகுப்பு வச்சாங்க, கேள்வி கேட்டாங்க, காத்திருக்க வச்சாங்க.

மேல்சாதியில இருந்து வர்றவங்களுக்கு வேற பரீட்சை. 1850ல சென்னையில மிஷனரிகள் கூடி ஒரு தீர்மானம் போட்டாங்க. ஞானஸ்நானம் கேக்கிறவன் பறையர் சமைச்ச சோத்தைச் சாப்பிட்டு, சாதியை விட்டுட்டேன்னு காட்டணும். எனக்கு இந்தப் பரீட்சை ரொம்பப் பிடிக்கும். ஒருத்தன் மனசுக்குள்ள யாரும் போய்ப் பார்க்க முடியாது, இலையில உக்காந்தானா இல்லையான்னு பார்க்கலாம். எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு அந்தப் பரீட்சையே வைக்க முடியாது. அவர் தினம் சாப்பிட்டதே அந்தச் சோறுதான்.

நிலத்துக்காகவா சாமிக்காகவான்னு அவரை யாரோ கேட்டப்போ "ரெண்டும்தான் இல்லாம இருந்தேன், ரெண்டும்தான் கேட்டேன்"னு சொன்னாராம். எங்க அப்பா இதைப் பெருமையா சொல்வார். எனக்கு இதைக் கேட்டா கூச்சமா இருக்கும். சாமிக்காகத்தான்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தக் கூச்சத்தை ஈடு கட்டவோ என்னவோ, நான் சுத்தக் கிறிஸ்தவனா இருக்கணும்னு வளர்ந்தேன். இதுல என் தம்பி கதை வருது.

விஷயம் பல பேருக்குத் தெரிஞ்சதுதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. பட்டியல் முதல்ல இந்துக்களுக்கு மட்டும். 1956ல சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவன் வெளியே. தமிழ்நாட்டுல நாங்க பி.சி. பட்டியல். அதே சேரி, அதே சுடுகாட்டுப் பாதை, அதே வசவு, ஆனா சர்டிபிகேட் வேற. அதனால பல வீட்டுல வெளியில ஒரு பேர், கோயில்ல ஒரு பேர். என் சர்டிபிகேட்டுல கிறிஸ்தவன்னு இருக்கு. தம்பிக்கு ஸ்கூல் சேர்க்கிறப்போ அப்பா "இந்து"ன்னு போட்டுட்டார். அவனுக்கு சர்க்கார் வேலை கிடைச்சது. எனக்கு மண்வெட்டி. கழனி வேலை எனக்குப் பிடிச்ச வேலை, அதுல குறை இல்ல. ஆனா இருபது வருஷமா மனசுக்குள்ள ஒரு தராசு வச்சிருந்தேன். நான் விலை கொடுத்தவன், அவன் வித்தவன். அவன் பெரிய பண்டிகைக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காருவான். நான் முன்னாடி நின்னு பாடம் வாசிப்பேன்.

2024 நவம்பர் 26ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. புதுச்சேரிப் பெண் ஒருத்தர் எஸ்.சி. சர்டிபிகேட் கேட்ட வழக்கு. கோயிலுக்குப் போறதும் கிறிஸ்தவ நம்பிக்கையில நடக்கிறதும் தெரியுது, சலுகைக்கு மட்டும் இந்துன்னு சொல்றதை ஏத்துக்க முடியாது, அது அரசியல் சாசனத்தையே ஏமாத்தறதுன்னு சொல்லிட்டாங்க. நான் அந்த நியூஸை எடுத்து எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். கூட ஒரு வார்த்தையும் எழுதல. எழுத வேண்டிய அவசியமே இல்ல, யாருக்குப் போட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்.

ராத்திரி தம்பி போன் பண்ணினான். கோவப்படுவான்னு நினைச்சேன். சாதாரணமாத்தான் பேசினான். பசங்க படிப்பு, அம்மா கண் ஆபரேஷன். வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டான்: "கோர்ட்டு சொன்னது இருக்கட்டும்ணா. கெழவி வரப்பு இப்ப எங்க நிக்குது?"

நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். மறுநாள் குரூப்புல இருந்து வெளியே போயிட்டான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலன்னு எழுதினா நல்லா இருக்கும். நல்லாத் தூங்கினேன். டிசம்பர்ல நவரைக்கு அண்டை வெட்டினப்பவும் வழக்கம்போலத்தான் சீவினேன். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை கை ஓடுறதுக்கு மனசு காரணம் தேடுச்சு. இவங்க பாட்டன் எங்க பாட்டனைப் படியாளா வச்சிருந்தவன்தானே, நத்தத்துல இருந்து துரத்தினவன்தானே, நான் எடுக்கிறது ஒரு விரக்கடை. 1994 அக்டோபர் 10ந்தேதி ஞாபகம் வந்தது. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டு செங்கல்பட்டுல போராடினப்போ போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தாங்க. அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. ஊர் முழுக்க கொதிச்சுக் கிடந்தது. நிலத்துக்காக உயிரை விட்டவங்க பேரை, ஒரு கிழவியோட வரப்பைச் சீவறதுக்குத் துணைக்குக் கூப்பிட்டுக்கினேன். என் வாழ்க்கையில நான் செஞ்சதுலயே அசிங்கமானது அந்த விரக்கடை இல்ல, இந்தக் காரணம்தான்னு இப்ப தோணுது. அந்த ஆயா எங்க அம்மா கூட ஒண்ணா நாத்து நட்டவ. கூலி ஆள். அவங்க வீட்டுக்கு எந்த மிராசும் கிடையாது.

மார்ச்சுல ஒரு சேதி. ஆயா பையன் கழனியை பிளாட் போடறவங்களுக்குக் குடுக்கப் போறான், தாலுகா ஆபீஸ்ல அளக்கப் பணம் கட்டிட்டான், அறுப்பு முடிஞ்சு சர்வேயர் வருவார். அப்பத்தான் தூக்கம் போச்சு. இதை மறைக்காம சொல்லணும். தம்பி கேட்டப்ப போகல, பாடம் வாசிச்சப்ப போகல, சங்கிலியும் புலப்படமும் வருதுன்னதும்தான் போச்சு.

லெந்து காலம் அது. எங்க வீட்டுல அச்சரப்பாக்கம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், மழை மலை மாதா கோயிலைப் பார்த்து வளர்ந்தவங்க. கல்யாணத்துக்கு அப்புறம் என் கூட எங்க கோயிலுக்குத்தான் வர்றாங்க, ஆனா வருஷா வருஷம் பெரிய வாரத்துக்கு முன்னாடி அம்மா வீட்டுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வருவாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க. ஆத்தும சோதனையாம். நான் கிண்டல் பண்ணுவேன். நாங்க நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லிக்குவோம், நடுவுல ஆள் எதுக்குன்னு. இந்த வருஷம் அவங்க கிளம்பறப்போ, "திருடினதைச் சொன்னா சாமியார் இன்னா சொல்வாரு?"ன்னு கேட்டேன்.

"திருப்பிக் குடுத்தியான்னு கேப்பாரு."

"குடுக்கலன்னா?"

"குடுத்துட்டு வான்னுவாரு. இன்னா நீங்க, வரப்பா?"

அவங்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

நாங்க நேரா ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிறோம்னு சொல்றோமே, அதுல ஒரு வசதி இருக்கு. அவர் திருப்பிக் குடுத்தியான்னு வாயைத் திறந்து கேக்க மாட்டார். கண்ணை மூடிக்கினு ரெண்டு சொட்டு தண்ணி விட்டா முடிஞ்சது. நானும் விட்டிருக்கேன், எத்தனையோ தடவை. கன்வென்ஷன்ல கை தூக்கி அழுதிருக்கேன். அது பொய் அழுகை இல்ல. நெஜமாவே பாரம் குறையும். மறுநாள் காலையில மண்வெட்டியும் கையுமாப் போவேன்.

எங்க மிஷனைக் கொண்டுவந்த ஸ்காட்லாந்துக்காரங்க அந்தக் காலத்துல இப்படி விட்டதில்ல. திருவிருந்துக்கு முன்னாடி மூப்பர்கள் வீடு வீடா விசாரிச்சு, சரின்னு பட்டவங்களுக்கு ஈயத்துல ஒரு சின்ன வில்லை குடுப்பாங்க. அதைக் காட்டினாத்தான் பந்தியில இடம். கேக்கறதுக்குக் கொடுமையாத்தான் இருக்கு, அதுலயும் வேண்டியவன் வேண்டாதவன் நடந்திருக்கும். ஆனா எங்க ஊர்ல யாராவது ஒரு மூப்பர் என் வாசல்ல வந்து நின்னு கழனி எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா? நடந்திருக்காது, விசாரிக்க வர்ற மூப்பரே நான்தான்.

பெரிய வியாழன், ஏப்ரல் 17. ராத்திரி ஆராதனை. திருவிருந்துக்கு முன்னாடி, ஒவ்வொருத்தரும் தன்னைச் சோதிச்சுப் பார்க்கணும்னு பவுல் கொரிந்து சபைக்கு எழுதின பகுதி. எப்பவும் நான்தான் வாசிப்பேன். அன்னிக்குத் தொண்டை சரியில்லன்னு வேற ஒருத்தரை வாசிக்கச் சொன்னேன். அதுவும் ஒரு பொய். வரிசை நகர்ந்தது. நான் எந்திரிக்கல. சின்னக் கோயில், அறுபது பேர் இருப்போம். செயலர் உக்காந்திருக்கிறது எல்லார் கண்ணுலயும் பட்டது. என் பக்கத்துல இருந்த பெரியவர் தொடையில தட்டினார், தூங்கறேன்னு நினைச்சுட்டார் போல. எந்திரிக்காம இருந்ததுல ஒரு பெருமை கூட எட்டிப் பார்த்தது. பார், எவ்வளவு நேர்மையா உக்காந்திருக்கேன்னு. மனுஷ மனசு எலி வளை மாதிரி. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வாய் வைக்கும்.

ஆராதனை முடிஞ்சு ஆயர் என்னைக் கூப்பிட்டு வேற எதுவும் கேக்கல. "பவுல் சோதிச்சுப் பார்த்துட்டு சாப்பிடுன்னுதான் எழுதியிருக்கார், சோதிச்சுப் பார்த்துட்டு வீட்டுக்குப் போன்னு எழுதல"ன்னார். இத்தனை வருஷம் வாசிச்சும் நான் அதைக் கவனிக்கல.

சனிக்கிழமை ஆயா வீட்டுக்குப் போனேன். ஊர்த்தெருவுல அவங்க வீட்டுத் திண்ணை. புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கினு இருந்தது. நான் திண்ணையில உக்காரல, நின்னேன். அது பழைய பழக்கம், கால் தானா நிக்கும். ஆயாதான் "உக்காரேன்பா"ன்னுச்சு.

"ஆயா, உன் கழனி வரப்பை நான் நகத்திட்டேன்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"தெனம் ஆடு ஓட்டிக்கினு போறவ நானு. எனக்குத் தெரியாமயா."

"ஏன் ஆயா கேக்கல?"

"கேட்டா இல்லேன்னுவ. வேதக்காரன் வாயில நான் எதுக்குப் பொய்யை வரவழைக்கணும்? உங்க கோயில் மணி அடிக்கறப்பலாம் நெனச்சுக்குவேன், இந்த வாரம் வருவான்னு."

பன்னிரண்டு வருஷம். வாரத்துக்கு ஒரு மணி. கணக்குப் போட்டா அறுநூறு தடவைக்கு மேல அந்தக் கிழவி என்னை நம்பியிருக்கு. நான் அவ்வளவு தடவை ஜெபம் பண்ணியிருப்பேனான்னு தெரியல.

புளிக்கொட்டையை ஒதுக்கிட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. "இப்ப ஏன் வந்த? அளக்க வராங்கன்னா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? இல்ல ஆயா, மனசு உறுத்துச்சு, அதான் வந்தேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதுல பாதி நெஜம். எந்தப் பாதின்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. சர்வேயர் வராம இருந்தா இந்த வருஷமும் மணி அடிச்சுட்டுப் போயிருக்கும்னுதான் நினைக்கிறேன். வியாழக்கிழமை பந்தியில எந்திரிக்க முடியாம போனது சர்வேயரால இல்ல, அதுவும் நெஜம்.

"அதுவும்தான் ஆயா"ன்னேன்.

ஆயா வாயெல்லாம் சிரிப்பா சிரிச்சது. அப்பத்தான் எங்க கொள்ளுத் தாத்தா சொன்ன பதில் ஞாபகம் வந்தது. சின்ன வயசுல இருந்து எனக்குக் கூச்சமா இருந்த அந்தப் பதில். அதை விட நேர்மையா அவரால என்ன சொல்லியிருக்க முடியும்?

ஈஸ்டர் அன்னிக்கு விடியக்கால ஆராதனையில போய் வாங்கினேன். வரப்பு அப்பவும் பழைய இடத்துலதான் நின்னது, கதிர் முத்தற நேரம், வெட்ட முடியாது. ஆயாகிட்ட அறுப்பு முடிஞ்ச மூணாம் நாள்னு சொல்லியிருந்தேன்.

அதுக்குள்ள கணக்கு ஒண்ணு போட்டேன். 200 அடிக்கு ஒன்றரை அடின்னா 300 சதுர அடி. முதல் போகத்துல ஒரு விரக்கடை, கடைசியில ஒன்றரை அடி, அதனால சராசரியாப் பாதி. ஏக்கருக்கு இருபத்துநாலு மூட்டைன்னு வச்சா, இருபத்துநாலு போகத்துல நான் அந்த மண்ணுல எடுத்தது சுமாரா ரெண்டு மூட்டை நெல்லு. ரெண்டே மூட்டை! பன்னிரண்டு வருஷத்துக்கு. சகேயு நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கிறேன்னான். அப்படிப் பார்த்தா எட்டு மூட்டை. எட்டுக்கு எனக்கு மனசு வரல. நாலு மூட்டையை டிராக்டர்ல ஏத்திக்கினு போனேன். வேணாம்பா, எதுக்குப்பான்னு ஆயா சொல்லும், ரெண்டை இறக்கிட்டு வந்துடலாம்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு. ஆயா ஒரு மூட்டையைப் பிரிச்சு நாலு நெல்லை எடுத்துக் கடிச்சுப் பார்த்து, "ஈரம் போகக் காயல, இன்னொரு வெயில் காட்டணும்"னுச்சு. நாலையும் இறக்கிக்கிச்சு.

தம்பிக்கு முதல்ல போன் பண்ணல, மெசேஜ்தான் போட்டேன். நவம்பர்ல போட்டது தப்புன்னு. ரெண்டு நாள் கழிச்சு லீவுக்குப் பசங்களைக் கூட்டிக்கினு வந்தான். வரப்பு வெட்ட ரெண்டு பேரும் இறங்கினோம். ஒரு இடத்துல நிமிர்ந்து முதுகை நீட்டிக்கினு சொன்னான், "என் பேப்பர் கணக்கு என்கிட்ட இருக்குணா. எனக்கும் அது தூக்கத்தைக் கெடுக்குது. நீ அதை எடுத்துப் பார்க்காத." அவன் செஞ்சது சரின்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். வேலையா வேதமான்னு ஒருத்தனைக் கேக்கிற அந்த 1950 ஆணையும் சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் பேப்பரை நான் இருபது வருஷமா கையில வச்சுப் படிச்சிக்கினு இருந்தேன், என் வரப்பைப் பார்க்காம இருக்கிறதுக்கு அது நல்ல வசதியா இருந்தது. சரின்னு தலையாட்டிட்டு மறுபடி வெட்ட ஆரம்பிச்சேன்.

போன வாரம் சர்வேயர் வந்தார். நான் புது வரப்புல ஜம்முன்னு நின்னுக்கினு இருந்தேன். தெற்கு மூலைக் கல்லு சரியா நான் வெட்டின இடத்துக்கே வந்தது. வடக்கு மூலைக் கல்லைக் காணோம். வேலிக்காத்தான் புதரை வெட்டிட்டுத் தேடினா, மண்ணுக்குள்ள முக்கால்வாசி புதைஞ்சு கிடந்தது. அங்க இருந்து டேப்பைப் பிடிச்சார். என் புது வரப்புக்கு இன்னும் ஒன்றரை அடி உள்ள, என் பக்கம். ஆக வடக்குப் பக்கம் மொத்தம் மூணு அடி போயிருக்கு. நான் எடுத்தது ஒன்றரைதான், எனக்கு அது நல்லாத் தெரியும். மீதி ஒன்றரை எனக்கு முன்னாடியே போயிருக்கு. கல்லு மேல அவ்வளவு மண்ணு ஏறணும்னா எங்க அப்பா காலம். அப்பா எனக்கு முன்னாடி இதே கோயில்ல செயலரா இருந்தவர். அவர்தான் எனக்கு அண்டை வெட்டக் கத்துக் குடுத்தார், எந்தப் பக்கம் எவ்வளவு சீவணும்னு கையைப் பிடிச்சு.

ஆயா வரப்புல குந்திக்கினு பார்த்துக்கினு இருந்தது. "உங்கப்பனுக்கும் கை கொஞ்சம் நீளம்தான். நல்ல மனுசன்"னுச்சு. ரெண்டையும் ஒரே மூச்சுல.

தெற்குல ஒன்றரை, வடக்குல மூணு, சராசரி ரெண்டே கால். 200 அடிக்கு 450 சதுர அடி. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. எங்க பக்கம் ஒரு சென்ட் இன்னிக்கு என்ன விலை போகுதுன்னு ஈ.சி.ஆர். பக்கம் வந்து போறவங்களுக்குத் தெரியும். ஆயா பையன் முகம் கொஞ்சம் இறுகிப் போச்சு, நியாயம்தான். ஆயாதான் அவனை அடக்குச்சு.

மீதி நாலு மூட்டை வீட்டுல காயுது. ஆயா சொன்ன மாதிரி இன்னொரு வெயில் காட்டிட்டு நாளைக்குக் கொண்டு போகணும். வடக்கு மூலையில வரப்பை மறுபடி வெட்டணும், தம்பி ஊருக்குப் போயிட்டான், தனியாத்தான் வெட்டணும். சொர்ணவாரிக்கு நாத்து விட்டாச்சு. கிணத்துல தண்ணி இருக்கு.